மல்டிமீட்டர் மட்டும் வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) முதலில் செய்ய வேண்டிய கருவி எது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் தரக்கூடிய மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும். எத்தனை வாட் வருகிறது, அதிர்வெண் சரியா, ஆன்டெனா பொருந்துகிறதா என்று பார்க்கும் கருவிகளை நானே செய்ய விரும்புகிறேன். எந்த வரிசையில் செய்வது? நானே செய்த கருவி காட்டும் எண்ணை எப்படி நம்புவது? பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கிவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நானே செய்த கருவியை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதற்குக் கிடைக்கும் விடையே எந்த வரிசையில் செய்வது என்ற கேள்வியையும் தீர்த்துவிடுகிறது. ஏற்கெனவே நம்பத் தகுந்ததாகக் கையில் உள்ள ஓர் அளவை வைத்துச் சரிபார்க்க முடிகிற கருவியைத்தான் முதலில் செய்ய வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகு, அதை வைத்து அடுத்ததைச் சரிபார்க்கலாம். இப்போது உங்களிடம் நம்பத் தகுந்தவை மல்டிமீட்டரின் டிசி வோல்ட்டும் ஓமும் மட்டுமே. ஆகவே அந்த இரண்டையும் கொண்டு அளந்துவிடக்கூடிய கருவியிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் மல்டிமீட்டரையே ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரியை நேராக அளந்து குறித்துக்கொண்டு, பிறகு மீட்டரின் சிவப்பு முனைக்கும் பேட்டரிக்கும் இடையில் ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டரை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். 9 வோல்ட் 8.2 வோல்ட்டாகக் குறைந்தால் உங்கள் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். பாதியாக, 4.5 வோல்ட்டாக இறங்கிவிட்டால் அது 1 மெகாஓம் மட்டுமே. மலிவான மஞ்சள் மீட்டர்கள் பலவும் இந்த வகைதான். இந்த எண்ணை மீட்டரின் முதுகில் எழுதி ஒட்டிவையுங்கள். கீழே இது தேவைப்படும்.

முதல் கருவி டம்மி லோட், அதாவது சோதனையின்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக டிரான்ஸ்மிட்டரின் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் சுமை. 1 கிலோஓம், 2 வாட் மெட்டல் ஃபிலிம் அல்லது கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் இருபதை, இரண்டு சிறிய காப்பர் கிளாட் தகடுகளுக்கு இடையில் கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம் கிடைக்கும். மொத்தம் 40 வாட் தாங்கும் என்பதால் உங்கள் 5 வாட்டுக்கு லேசாகத்தான் சூடாகும். ஒரே 50 ஓம் ரெசிஸ்டர் போதாதா என்று தோன்றலாம். ஒவ்வொரு ரெசிஸ்டரின் காலுக்கும் சிறிதளவு இண்டக்டன்ஸ் உண்டு. இருபது கால்கள் இணையாகச் சேரும்போது அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. விலை குறைந்த இந்த முறை உயர் அதிர்வெண்ணில் நன்றாக வேலை செய்வதற்கு அதுவே காரணம்.

பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ரெசிஸ்டர் வாங்கும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். என்னுடைய முதல் டம்மி லோடை அங்குள்ள ஒரு கடையில் வாங்கிய, வெள்ளைச் செங்கல் போன்ற பெரிய ரெசிஸ்டர்களால் செய்தேன். கம்பிச் சுற்று கிடையாது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். மல்டிமீட்டரும் 50 ஓம் என்றே காட்டியது. ஆனால் டிரான்ஸ்மிட்டரை இணைத்தபோது எதுவும் பொருந்தவில்லை. ஒரு வாரம் டிரான்ஸ்மிட்டரைக் குடைந்துவிட்டு, கடைசியில் ஒரு ரெசிஸ்டரைச் சுத்தியலால் உடைத்துப் பார்த்தால் உள்ளே அழகாகச் சுற்றப்பட்ட கம்பி! வெறும் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸே 7 மெகாஹெர்ட்ஸில் 44 ஓமாகவும், 28 மெகாஹெர்ட்ஸில் 176 ஓமாகவும் நிற்கும். ஓம் மீட்டர் டிசியை மட்டுமே அறியும் என்பதால் இதைக் காட்டிக்கொடுக்காது. டம்மி லோடைப் பொறுத்தவரை ரெசிஸ்டரின் வகையே அதன் உத்தரவாதம்.

அந்த டம்மி லோடின் உச்சியில் ஒரு 1என்4148 டயோடையும், அதன் மறுமுனையிலிருந்து எர்த்துக்கு ஒரு 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரையும் வைத்தால் அதுவே வாட் மீட்டர் ஆகிவிடும். கெபாசிட்டர் ரேடியோ அலையின் உச்ச வோல்ட்டேஜ் வரை நிரம்பி நிற்கும். மல்டிமீட்டர் அதை டிசியாகப் படிக்கும். வாட் கணக்கு எளியது: படித்த வோல்ட்டேஜுடன் டயோடில் இழந்ததைக் கூட்டி, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 100-ஆல் வகுக்க வேண்டும். 5 வாட் என்றால் உச்ச வோல்ட்டேஜ் 22.4 ஆகும்.

டயோடில் இழந்தது எவ்வளவு? பல குறிப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு 0.6 அல்லது 0.7 வோல்ட் என்று எழுதியிருப்பார்கள். 10 மெகாஓம் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் இருக்கும் என்பதால் உண்மையான இழப்பு அதைவிடக் குறைவு. ஊகிக்கவே வேண்டியதில்லை, நீங்களே அளந்துவிடலாம். டிரான்ஸ்மிட்டருக்குப் பதிலாக ஒரு பேட்டரியை டம்மி லோடின் குறுக்கே இணையுங்கள். லோடின் உச்சியில் டிசி எவ்வளவு, டயோடுக்குப் பின்னால் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். 9 வோல்ட் பேட்டரி 50 ஓம் சுமையில் தளர்ந்து இறங்குவதால் 12 வோல்ட் பேட்டரி நல்லது. 240 மில்லி ஆம்பியர்தான் ஓடும். 1.5, 3, 6, 12 வோல்ட்டுகளில் அளந்து ஒரு சிறு அட்டவணையாக்கிக்கொண்டால், உங்கள் டயோடும் உங்கள் மீட்டரும் சேர்ந்து செய்யும் பிழை இன்னதென்று தெரிந்துவிடும். ரேடியோ அலையில் டயோடு உச்சத்தில் மட்டும் துடிப்பாகக் கடத்துவதால் இழப்பு சற்றே கூடும். ஆனாலும் வாட் அளவில் அது பொருட்டல்ல.

இந்தத் திருத்தம் எங்கே முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். மீட்டர் 21.8 வோல்ட் காட்டுகிறது, இழப்பு 0.4 என்று வைத்துக்கொண்டால் விடை 4.93 வாட், திருத்தாமல் விட்டால் 4.75 வாட். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் டிரான்ஸ்மிட்டரின் இடைக்கட்டத்தில் 50 மில்லிவாட் வருகிறதா என்று பார்க்கும்போது அதே 0.4 வோல்ட்டை மறந்தால் 34 மில்லிவாட் என்று படிப்பீர்கள், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். இன்னொன்று: டயோடின் மீது பின்னோக்கி விழுவது உச்ச வோல்ட்டேஜின் இரு மடங்கு. 1என்4148 தாங்குவது 75 வோல்ட். 10 வாட்டில் 63 வோல்ட் விழும், 20 வாட்டில் 89 ஆகிவிடும். பிற்காலத்தில் பவரைக் கூட்டினால் டயோடை லோடின் நடுவிலிருந்து எடுக்கும்படி அமைப்பை மாற்றுங்கள்.

இதே டயோடையும் கெபாசிட்டரையும் ஒரு பழைய ஸ்கெட்ச் பேனா குழாய்க்குள் வைத்து ஆர்.எஃப். புரோபாக, அதாவது சர்க்யூட்டில் வேண்டிய இடத்தில் தொட்டு ரேடியோ அலையின் வோல்ட்டேஜை அளக்கும் முனையாகச் செய்யும் வழக்கம் உண்டு. பழைய வரைபடங்களில் மீட்டருக்குப் போகும் பக்கத்தில் 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் தொடராக இருக்கும். அது வால்வு வோல்ட்மீட்டர் காலத்து எண். அவற்றின் உள்தடை 11 மெகாஓம் என்பதால், உச்ச அளவு தானாக ஆர்.எம்.எஸ். அளவாக (உச்சத்தில் 0.707 பங்காக) குறையும்படி அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் 10 மெகாஓம் மீட்டருக்கு 4.14 மெகாஓம் வேண்டும், 3.9 மெகாஓமும் 220 கிலோஓமும் தொடராகச் சேர்த்தால் போதுமான அளவு கிட்டே வந்துவிடும். மீட்டர் 1 மெகாஓம் வகையாக இருந்தாலோ அந்த 4.7 மெகாஓம் உங்கள் அளவை ஆறில் ஒரு பங்குக்கு இறக்கிவிடும். மீட்டரின் முதுகில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது ஆன்டெனா. பவர் இழப்பைப் பற்றிக் கவலைப்படாமல் ரெசிஸ்டர் பிரிட்ஜ் ஒன்றைச் செய்யுங்கள்: மூன்று 50 ஓம் கைகள், நான்காவது கை ஆன்டெனா, நடுப்புள்ளிகள் இரண்டுக்கும் இடையில் அதே டயோடு டிடெக்டர். மீட்டர் கம்பிகளுக்கு முன்னால் இருபுறமும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால் கம்பிகள் வழியாக ரேடியோ அலை நுழைவது குறையும். ஒவ்வொரு கையையும் இரண்டு 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர்களை இணைத்துச் செய்யலாம். சில விநாடிகளுக்கு மேல் கீயை அழுத்தி வைக்காதீர்கள். இந்தப் பிரிட்ஜின் பெரிய நன்மை, ஆன்டெனா கம்பி அறுந்திருந்தாலும் ஷார்ட் ஆகியிருந்தாலும் டிரான்ஸ்மிட்டருக்குத் தெரியும் சுமை 33 ஓமுக்குக் கீழே போகாது, 100 ஓமுக்கு மேலே ஏறாது என்பது. சோதனையிலேயே இறுதி டிரான்சிஸ்டரைச் சாகடிக்கும் ஆபத்து இதில் மிகக் குறைவு.

சரிபார்ப்பதும் வீட்டிலேயே ஆகும். ஆன்டெனா முனையைத் திறந்து வைத்துக் கிடைக்கும் அளவை 100 என்று கொள்ளுங்கள். 50 ஓம் வைத்தால் ஏறக்குறைய சுழி; 100 ஓம் வைத்தாலும் 25 ஓம் வைத்தாலும் 33, அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்) 2; 150 ஓம் வைத்தால் 50, அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். 3. டயோடு இழப்பின் அட்டவணையை இங்கும் பயன்படுத்துங்கள். பெங்களூருக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. அகில இந்திய வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை உங்கள் நீளமான கம்பியில் வலுவாக ஏறினால், டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் பிரிட்ஜ் ஏதோ காட்டும். அணைத்த நிலையில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அளவைத் தொடங்க வேண்டும்.

அதிர்வெண் மானிக்கு ஆர்டுயினோ நானோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு போதும் என்று பலரும் சொல்வார்கள். இரண்டு இடங்களில் சறுக்கும். அதன் 16 மெகாஹெர்ட்ஸ் சில்லு வெளியிலிருந்து வரும் துடிப்பை ஏறத்தாழ 6.4 மெகாஹெர்ட்ஸ் வரைதான் உறுதியாக எண்ணும். ஆகவே 7 மெகாஹெர்ட்ஸுக்கு முன்னால் 74எச்சி4040 போன்ற ஒரு வகுப்பான் தேவை. 16-ஆல் வகுத்து ஒரு விநாடி எண்ணினால் ஒரு எண்ணிக்கை 16 ஹெர்ட்ஸுக்குச் சமம், மோர்ஸ் வேலைக்கு அது போதும். இரண்டாவது, பல நானோ போர்டுகளில் கிரிஸ்டலுக்குப் பதிலாக செராமிக் ரெசனேட்டர்தான் இருக்கும். அதில் அரை சதவீதப் பிழை என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் 35 கிலோஹெர்ட்ஸ் தவறு. இந்தியாவில் நமக்கான 40 மீட்டர் அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே என்பதால், விளிம்பில் நிற்பவரை இந்தத் தவறு வெளியே தள்ளிவிடும். சாதாரணக் கிரிஸ்டலின் பிழை பத்து லட்சத்தில் 50 பங்கு என்றால் 350 ஹெர்ட்ஸ்தான்.

இதற்கு மலிவான தீர்வு ஒரு ஜிபிஎஸ் மாட்யூல். விநாடிக்கு ஒன்றாக அது தரும் துடிப்பையே எண்ணும் நேரத்தின் தொடக்கமும் முடிவுமாக வைத்துக்கொண்டால், போர்டின் சொந்தக் கடிகாரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கவலையில்லை. சன்னல் ஓரத்தில் வானம் தெரியும்படி வைத்தால் போதும். மாட்யூல் இல்லாதவர்கள் 10 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் நேரச் சைகை நிலையங்களை ரிசீவரில் பிடித்து, அதே அதிர்வெண்ணில் ஒரு கிரிஸ்டல் ஆசிலேட்டரை ஓடவிட்டு, இரண்டுக்கும் இடையிலான விம்மல் (பீட் ஒலி) சுழியாகும்வரை ட்ரிம்மரைத் திருப்பி, பிறகு அந்த ஆசிலேட்டரால் மானியைச் சரிசெய்யலாம். பொறுமை வேண்டும், ஆனால் செலவே இல்லை.

அதிர்வெண் மானி கிடைத்துவிட்டால் காயில் அளப்பதும் கைக்கு வந்துவிடும். ஒரு ஆசிலேட்டரில் தெரியாத காயிலை வைத்து அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒரு சதவீதத் துல்லியமுள்ள 1000 பைக்கோஃபாரட் கெபாசிட்டரைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடி குறித்தால், இரண்டு எண்களிலிருந்து இண்டக்டன்ஸும் உள்ளிருக்கும் கெபாசிட்டன்ஸும் கணக்கில் வந்துவிடும். வண்ணம் பூசிய டொராய்டு வளையங்களில் போலிகள் கலந்து வரும் இந்நாளில் இது உண்மையிலேயே உதவும்: அசல் டி50-2 சிவப்பு வளையத்தில் 25 சுற்றுக்கு ஏறத்தாழ 3.1 மைக்ரோஹென்றி வர வேண்டும்.

ஆன்டெனாவையும் காயிலையும் அளக்கும் நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவியை வாங்கினால் பிரிட்ஜுக்கும் காயில் அளப்பானுக்கும் வேலை இருக்காது என்பதை மறைக்கப் போவதில்லை. காசு இருந்தால் வாங்குங்கள். ஆனால் டிரான்ஸ்மிட்டரை அதன் முனையில் நேராகச் சொருகினால் அந்த நொடியே அது போய்விடும். டம்மி லோடும் டிடெக்டரும் அதன் பிறகும் மேசையில் இருக்க வேண்டும்.

இனி ஆசிலோஸ்கோப். நண்பர் சொன்னது பாதி சரி. கீ அழுத்தும்போது அலை எப்படி எழுந்து விழுகிறது, ஆசிலேட்டர் சுத்தமாகத் தொடங்குகிறதா என்பதை அதைப்போல் வேறு எதுவும் காட்டாது. ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் கருவியில் உங்கள் டிரான்ஸ்மிட்டரின் மூன்றாம் ஹார்மானிக்கான (மும்மடங்கு அதிர்வெண்ணில் வரும் வேண்டாத அலையான) 21 மெகாஹெர்ட்ஸ், உள்ளதில் எழுபது சதவீதமாகக் குறைந்தே தெரியும். முதன்மை அலையில் நூற்றில் ஒரு பங்கு உயரமுள்ள ஹார்மானிக்கைத் திரையில் கண்ணால் காண்பதும் இயலாத காரியம். ஹார்மானிக்குகளைத் தடுக்கும் ஃபில்டர் சரியாக வேலை செய்கிறதா என்று தீர்மானிக்க அதை நம்ப வேண்டாம். வாங்குவதற்கு முன், விற்பவர் அனுமதித்தால் டிரான்ஸ்மிட்டரையும் டம்மி லோடையும் எடுத்துச் சென்று, பத்துக்கு ஒன்று புரோபை லோடின் உச்சியில் வையுங்கள். டிடெக்டர் 5 வாட் என்று சொல்லும்போது திரையில் அலையின் உச்சி முதல் அடிவரை 45 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டு சேனலும் அதையே காட்டினால் விலை பேசத் தொடங்கலாம்; 30 காட்டினால் புரோபின் ட்ரிம்மரைத் திருப்பிப் பாருங்கள், அப்படியும் ஏறாவிட்டால் டம்மி லோடைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.