குளிர்காலம் முழுக்கப் படகிலேயே தங்குபவர்கள் உள்ளே நீர் கோர்ப்பதையும் பூசணத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் இருப்பது ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகில். இதுதான் அவருடைய முதல் குளிர்காலம். காலையில் எழுந்தால் ஜன்னலெல்லாம் தண்ணீர், மெத்தையின் அடிப்பக்கம் ஈரம், அலமாரித் துணிகளில் பூசணம். படகு எங்கோ ஒழுகுகிறதோ என்று பயப்படுகிறார். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் கருவி வாங்கினால் தீர்ந்துவிடுமா என்றும் கேட்கிறார்.

நானும் மனைவியும் 9 மீட்டர் படகு ஒன்றில் 3 குளிர்காலம் இருந்திருக்கிறோம். முதல் வருஷம் எனக்கும் இதே பயம்தான். மேல்தளத்தில் இருந்த ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் கழற்றி, சீலன்ட் வைத்து, திரும்ப முடுக்கினேன். இரண்டு வாரம் போனதுதான் மிச்சம். படுக்கைக்குப் பக்கத்துச் சுவர் அப்போதும் வேர்த்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் எங்கள் மூச்சிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

சீலன்ட் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஈரமான இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு பாலிதீன் துண்டை வைத்து நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் பாலிதீனின் மேல், அறையைப் பார்த்த பக்கம் ஈரம் இருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. பாலிதீனுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஈரம் இருந்தால் ஒழுகல்தான். அதற்கு வைத்தியம் வேறு.

ஒருவர் தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் வெளியேறும் நீர் ஓர் இரவுக்குக் கால் லிட்டர் இருக்கும், கொஞ்சம் கூடவும் போகும். இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். அதோடு வெந்நீர், சமையல், நனைந்த மழைக்கோட்டு. யாரும் நம்பாத இன்னொன்று உண்டு: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக வரும். வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராகிவிடுகிறது. குளிருகிறதே என்று புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்து எரிப்பது, கதகதப்பு என்ற பெயரில் அறைக்குள் தண்ணீர் தெளிப்பதுதான். முதல் மாதம் நான் செய்ததும் அதையேதான். திரைச்சீலை சொட்டியது. தண்ணீர்கூடப் பரவாயில்லை, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். சூட்டுக்காக எரிக்கும் எதுவானாலும் புகைபோக்கி வெளியே போக வேண்டும், உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

சரி, கணக்கு இவ்வளவுதான். அறைக்காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீரை விட்டுவிடும். வெளியே 5 டிகிரி என்றால் கண்ணாடி, அலுமினியச் சட்டம், மெல்லிய பக்கச் சுவர் எல்லாமே 12-க்குக் கீழேதான் இருக்கும். ஆக, வழி மூன்று: காற்றில் ஈரத்தைக் குறைக்கலாம், சுவரைக் குளிரவிடாமல் மறைக்கலாம், சுவருக்கும் துணிக்கும் நடுவே காற்றோட்டம் விடலாம்.

முதலாவதற்கு நான் சொல்வது ஜன்னலைத் திற என்பதுதான். குளிரில் எவனாவது ஜன்னலைத் திறப்பானா என்று மனைவியே கேட்டாள். 5 டிகிரியில் முழுக்க ஈரமான காற்றில்கூட ஒரு கனமீட்டருக்கு 7 கிராம் நீர்தான் இருக்கும். அதையே உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே மழை கொட்டினாலும் கணக்கு இதேதான். திறப்பு இரண்டு வேண்டும், கீழே ஒன்று, மேலே ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் காற்று ஓடாது. கூடவே சூடும் வேண்டும். விட்டு விட்டு அல்லாமல், குறைவாக நாள் முழுக்க இருக்க வேண்டும். புகைக்குழாய் வைத்த டீசல் ஹீட்டரோ விறகடுப்போ இதற்கு நல்லது. எரியும்போது உண்டாகும் நீராவி குழாய் வழியே வெளியே போய்விடும். சூடாக்காமல் திறந்து வைத்தால் குளிரில் நடுங்குவோம். திறக்காமல் சூடாக்கினால் படகு குளியலறை ஆகிவிடும்.

சமையலில் செய்ய வேண்டியது சின்ன விஷயம். மூடி போட்டுச் சமைக்க வேண்டும், அடுப்புக்கு மேலே இருக்கும் ஹாட்ச்சை, அதாவது மேல்தளத்துத் திறப்புக் கதவை, திறந்து வைக்க வேண்டும்.

எங்களை அதிகம் படுத்தியது மெத்தை. பலகை மேல் நேராகப் போட்ட ஃபோம் மெத்தையில் உடம்பு ஈரம் மேலிருந்து இறங்கும், பலகை கீழிருந்து குளிர்ந்து கிடக்கும். நடுவே மாட்டிய ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. ஒரு நாள் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி. அதை எறிந்துவிட்டுப் புது மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்கள் கொடுத்தோம், இரண்டு சட்டத்துக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு. சட்டம் அடிக்க முடியாதவர்களுக்குச் சுருள் சுருளான பிளாஸ்டிக் வலை விரிப்பு கிடைக்கிறது. அதுவும் வேலை செய்யும். பலகையில் துளை போட்டால் கீழே இருக்கும் பெட்டிக்கும் காற்று போகும். மெத்தை பக்கச் சுவரைத் தொடக் கூடாது. காலையில் எழுந்ததும் படுக்கையை மடித்து நேராக்கி வைக்காதீர்கள், மெத்தையைச் சாய்த்து நிறுத்துங்கள். அறை அலங்கோலமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அலமாரியிலும் இதே கதை. துணியைச் சுவரோடு திணித்து வைத்தால் அது சுவருக்குச் சூடு போகாமல் தடுக்கிறது, சுவர் இன்னும் குளிர்ந்து நனைகிறது. கதவுக்குத் துளை போடுங்கள், பாதி அளவு மட்டும் நிரப்புங்கள்.

கடல் படகு என்றால் உப்பையும் கவனிக்க வேண்டும். கடல்நீர் பட்ட குஷனை எவ்வளவு காயப்போட்டாலும் மழைநாளில் திரும்ப நமுத்துவிடும், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் ஒழிய அது உலராது. படகின் அடித்தளப் பள்ளமான பில்ஜில் தேங்கும் தண்ணீரையும் விட்டுவைக்காதீர்கள். ஹீட்டர் போட்டால் அதுவும் ஆவியாகி மேலே வரும்.

சுவருக்குத் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட் ஒட்டலாம். இடைவெளியே இல்லாமல் முழுப் பரப்பிலும் பசை போட்டு ஒட்ட வேண்டும். அரைகுறையாக ஒட்டினால் ஈரக்காற்று பின்னால் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் அங்கே பூசணம் வளரும். ஜன்னலுக்கு உட்பக்கம் காந்தப் பட்டை வைத்து ஓர் அக்ரிலிக் தகடு மாட்டினோம். மறுநாளே கண்ணாடி தெளிந்துவிட்டது. காசு குறைவாக இருந்தால் இதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன்.

இப்போது டிஹியூமிடிஃபையர். வாங்கலாம், ஆனால் எதை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். கம்ப்ரசர் வைத்தது குளிரில் சொதப்பும், உள்ளே இருக்கும் சுருளிலேயே பனி பிடித்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் உருளை வைத்த வகை உறைநிலைக்குப் பக்கத்தில்கூட ஓடும், கொஞ்சம் சூடும் தரும். கரண்ட் சில நூறு வாட் இழுக்கும், அதனால் கரையிலிருந்து மின்சாரம் வேண்டும். ஓடும்போது ஜன்னலை மூட வேண்டும், இல்லையென்றால் ஊர்க்காற்றையெல்லாம் உலர்த்திக்கொண்டிருக்கும். ஆனால் அடுப்போ ஹீட்டரோ எரிகிறது என்றால் நிரந்தரக் காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சி நீராகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மூடிய அலமாரிக்குப் போதும், அறைக்குப் பத்தாது. கவிழ்ந்தால் அந்த நீர் இரும்பை அரிக்கும்.

ஜன்னலைத் துடைத்த துணியை உள்ளேயே காயப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன். அதே தண்ணீர் ராத்திரி திரும்பக் கண்ணாடிக்கு வந்துவிடும். வெளியே பிழிந்து வெளியேயே தொங்கவிடுங்கள்.

கடைசியாக ஓர் ஈரப்பதமானி வாங்கி, தலைமாட்டில் வையுங்கள். எங்கள் படகில் பகலில் 60-க்குள் இருந்தால் கவலைப்பட மாட்டோம். காலையில் 70-ஐத் தாண்டியிருந்தால் அன்று இரவு மேல் ஹாட்ச்சை இன்னும் இரண்டு விரல் அகலம் கூடுதலாகத் திறந்து வைப்போம், ஆளுக்கொரு கம்பளியும் கூட.