டக்கேரியாவில் சுத்த சைவம் சாப்பிட முடியுமா?

சிகாகோவின் பில்சன் பகுதியில் நண்பர்கள் டக்கேரியாவுக்கு, அதாவது டாக்கோ விற்கும் மெக்சிகோ உணவுக் கடைக்கு, கூப்பிடுகிறார்கள், நான் சுத்த சைவம், சோறும் பீன்ஸும் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வழக்கம் உண்டு, சிவப்புச் சோற்றைப் பல இடங்களில் கோழிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள், பார்த்தால் தெரியவே தெரியாது. தமாலே என்ற, மக்காச்சோள மாவைச் சுற்றி அவிக்கும் பண்டத்தின் மாவிலும் கொழுப்பு சேரும், அதைத் தொடாதீர்கள்.

மக்காச்சோள டோர்ட்டியா, அதாவது மெல்லிய ரொட்டி, பொதுவாகப் பிரச்சினையில்லை, சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்து ஊறிய மக்காச்சோளத்தை அரைத்துத் தட்டுவது. மைதா டோர்ட்டியாவில்தான் கொழுப்பு இருக்கலாம்.

டோர்ட்டியாவில் நோப்பாலேஸ் வைத்து மடித்த டாக்கோ இருந்தால் விடாதீர்கள். நோப்பாலேஸ் என்றால் முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல், வதக்கினால் லேசான புளிப்பு, வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு. மேலே பச்சை சல்சா என்ற சட்னி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை பிழிந்து சூடாகச் சாப்பிட்டால் அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆர்டர் செய்யும்போது ஸ்பானிஷில் வெறும் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) போதாது, ‘சின் மன்டேக்கா, சின் கால்டோ தே போயோ’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், கொழுப்பும் கோழிச் சாறும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். அப்புறம், இறைச்சி வாட்டும் அதே கல்லில்தான் பெரும்பாலும் எல்லாமே போடுவார்கள், அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் அவகாடோ மசியலான குவக்கமோலேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.