ஆரஞ்சுச் சாறு கெட்டதா, இல்லையா? மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பழச்சாறு ஆலை ஒன்றின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மும்பைத் தமிழ் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செம்பூர் வாசகி: வீட்டில் பிழிந்த சாற்றை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

காய்ச்சாத சாற்றை, 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில், இரண்டு நாள் வைக்கலாம். மிஞ்சிப் போனால் மூன்று நாள். குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அதுவும் ஒரு மணி நேரமாகக் குறைந்துவிடும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடேறுவது கதவுத் தட்டுதான் என்பதால், பாட்டிலை அங்கே வைக்காமல் உள்தட்டின் பின்பக்கம் வையுங்கள்.

முலுண்ட் வாசகர்: முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடுமே, மணிக்கணக்கு எதற்கு?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். சாறு கெட்டுப்போவதும் சாறு தீங்கு செய்வதும் இரண்டு வேறு செய்திகள். ஈஸ்ட் பெருகினால் சாற்றில் குமிழி வரும், மூடியைத் திறக்கும்போது காற்று சீறும், கள் போன்ற வாடை அடிக்கும். லாக்டிக் அமிலப் பாக்டீரியா பெருகினால் டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகி, மோர் அல்லது வெண்ணெய் வாடை எழும். அலிசைக்ளோபாசில்லஸ் என்னும் இன்னொன்று, ஆலையில் சூடுபடுத்திய பிறகும் ஸ்போர் என்னும் கடினமான உறங்கு வடிவில் உயிர்பிழைத்து, பாட்டில் உப்பாமலே மருந்து வாடையைத் தரும். இவற்றையெல்லாம் உங்கள் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் நோய் தரும் பாக்டீரியாக்களான சால்மொனெல்லாவும் ஈ.கோலை ஓ157 என்ற வகையும் இத்தனை புளிப்பிலும் பல நாள் உயிரோடு இருக்கக்கூடியவை, நிறம், மணம், சுவை எதையும் மாற்றாதவை. 1996இல் அமெரிக்காவில், பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது சூடுபடுத்திக் கிருமி நீக்காத, ஆப்பிள் சாற்றால் பலர் நோயுற்று, ஒரு குழந்தை இறந்தது. 1999இல் அங்கேயும் கனடாவிலும் பாஸ்டரைஸ் செய்யாத ஆரஞ்சுச் சாறு நூற்றுக்கணக்கானவர்களைச் சால்மொனெல்லாவால் படுக்க வைத்தது. மூக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்ன சாறுகள்தாம் அவை. ஆகவே, பழத்தை வெட்டுவதற்கு முன்பே ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே இழுத்துச் செல்கிறது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் ஆகியோருக்குக் காய்ச்சாத பழைய சாற்றைத் தரவே வேண்டாம்.

மாட்டுங்கா வாசகி: காலையில் பிழிந்த நாக்பூர் ஆரஞ்சுச் சாறு மாலைக்குள் கசந்துவிட்டது. கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிட்டேன். சரிதானே?

கொட்டியது வீண், அம்மா. நாக்பூர் ஆரஞ்சிலும் சாத்துக்குடியிலும் நெடுநேரம் கழித்து வரும் இந்தக் கசப்புக்கு லிமோனின் என்ற பொருள்தான் காரணம். அது கெடுதலின் அடையாளம் அல்ல.

தாராவியில் பழச்சாற்றுக் கடை வைத்திருப்பவர்: ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், விதையை அரைத்தால்தான் கசக்கும். விதையில்லாமல் பிழிந்து கசந்தால் அது அழுகிய பழம்.

அண்ணாச்சி, விதையைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதியை இப்படிப் பாருங்கள். விதையில் லிமோனின் இருப்பது உண்மைதான், ஆனால் முழுப்பழத்தின் சுளைத்தோலில் இருப்பது கசப்பற்ற ஒரு முன்பொருள். பிழியும்போது பழத்தின் செல்கள் உடைந்து, அந்த முன்பொருள் சாற்றின் அமிலத்தோடு சேருகிறது. அங்கே அது மெல்ல லிமோனினாக மாறுவதால்தான் பிழிந்த நொடியில் இனித்த சாறு சில மணி நேரத்தில் கசக்கிறது. பழம் நன்றாகப் பழுக்கப் பழுக்க இந்த முன்பொருள் கசக்காத வடிவத்துக்கு மாறிவிடுவதால், முற்றாத பழத்தில்தான் கசப்பு அதிகம்.

மீண்டும் தாராவி: அப்படியானால் விதையே இல்லாத பழம் கசக்கக் கூடாதே?

கசக்கும். கலிபோர்னியாவில் பயிராகும் நேவல் ஆரஞ்சு விதையில்லாதது, ஆனால் இந்தக் கசப்புக்குப் பெயர்போனது. சுளைத்தோலை மிக்சியில் அரைக்காமல் கையால் மெதுவாகப் பிழிந்து, உடனே வடிகட்டினால் கசப்பு குறையும். உங்கள் கடையில் ஒரு நாள் இரண்டு முறையிலும் பிழிந்து, நான்கு மணி நேரம் கழித்துச் சுவைத்துப் பாருங்கள். அழுகிய பழத்தைப் பொறுக்கி எறிய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் முற்றிலும் சரி, அதில் எனக்கு மாறுபாடே இல்லை.

வாஷி, அந்தேரி, காட்கோபர் வாசகர்கள்: எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

செம்பூர் அம்மையாருக்கு எழுதியதைப் படியுங்கள். இரண்டு நாள். மூன்றாம் நாள் தயக்கம் வந்தால் குடிக்காதீர்கள்.

சயான் வாசகி: பித்தளைச் சொம்பில் வைத்தால் கெடாது என்கிறார்களே?

வைக்கவே வைக்காதீர்கள். சாற்றின் அமிலம் பித்தளையில் உள்ள செம்பு உலோகத்தைக் கரைத்து, வாந்தியையும் வயிற்று வலியையும் கொடுக்கும். கண்ணாடியோ எஃகோ போதும்.

தானே வாசகர்: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. எவ்வளவு குடிக்கலாம்?

இது என் துறை அன்று, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

போரிவலி வாசகர்: கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிச் சாறு சற்று உப்பியிருக்கிறது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

வேண்டாம். உள்ளே நுண்ணுயிர் வாயுவை உண்டாக்கியிருக்கிறது. சுவைத்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். உப்பாத பெட்டியானாலும், திறந்த பிறகு அதில் அச்சிட்டிருக்கும் நாட்கணக்கே கணக்கு. பூஞ்சணம் தெரிந்தால் மேலே அள்ளிவிட்டுக் குடிப்பதும் தவறு, கண்ணுக்குத் தெரியாத இழைகள் கீழே இறங்கியிருக்கும்.

குர்லா வாசகி: காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குச் செல்லும் மகனின் பாட்டிலில் சாறு வைத்தால், ஒரு மணிக்குக் குடிக்கலாமா?

ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது, சாதாரண பாட்டிலில் வைக்காதீர்கள். முதல் நாள் இரவே சாற்றைக் குளிரவைத்து, வெந்நீர் வைக்கும் ஃபிளாஸ்க்கைக் குளிர்ந்த நீரால் ஒரு முறை அலசி, அதில் ஊற்றி, சிறு பனிக்கட்டிகளையும் போட்டு அனுப்புங்கள். மாலையில் மீதி கொண்டு வந்தால் அதைத் திரும்பக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்.