கணவரின் ரத்தத்தை ஊசியாகப் போட்டால் கரு தங்குமா?

கேள்வி: எனக்கு 29 வயது. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். இரண்டு முறை கரு தங்கியது. ஒன்று 7-வது வாரத்திலும் மற்றது 9-வது வாரத்திலும் துடிப்பு நின்றுபோய் டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது) செய்தார்கள். கடைசியாகக் கலைந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு கருத்தரிப்பு மையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்.கே. செல் 16 சதவீதம் இருக்கிறது, உங்கள் உடம்பே குழந்தையை எதிரி என்று நினைத்து அழிக்கிறது. சொந்தத்தில் கட்டியதால் குழந்தையைக் காக்கும் எதிரணுவும் (ஆன்டிபாடி) உருவாகவில்லை" என்றார்கள். கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுவைப் பிரித்து எனக்கு இரண்டு தவணை ஊசி, அப்புறம் கொழுப்பு டிரிப்ஸ், எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். 10,000 முன்பணம் கட்டிவிட்டோம். போட்டுக்கொள்ளலாமா? எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டால் பிறகு எல்லா நோயும் வந்துவிடாதா?

பதில்: போட்டுக்கொள்ள வேண்டாம். ஊசியும் வேண்டாம், டிரிப்ஸும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. "உங்கள் உடம்பே குழந்தையை அழிக்கிறது" என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு எவ்வளவு உறுதியான ஆதாரம் வேண்டும்! அப்படி ஒரு ஆதாரம் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை. அந்த வாக்கியத்தை மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள் அம்மா.

அது ஒரு நிஜ விஞ்ஞானக் கேள்வியிலிருந்து கிளம்பிய பேச்சு. குழந்தையில் பாதி அப்பாவுடையது. வேறொருவரின் சிறுநீரகத்தை வைத்தால் உடம்பு எதிர்க்கிறதே, வயிற்றில் வளரும் குழந்தையை மட்டும் ஏன் ஒன்பது மாதம் விட்டுவைக்கிறது என்று 1953-ல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி கேட்டார். கேள்வி சரியானது. அன்றைக்கு அதற்குப் பதில் இல்லை. இன்றைக்கு நிறையவே தெரியும்.

முதல் விஷயம், தாயின் ரத்தத்தோடு நேரடியாக உரசி நிற்பது குழந்தை அல்ல, நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி (பிளசென்டா). அந்த நஞ்சின் வெளிப்புறச் செல்கள், சிறுநீரகம் மாற்றும்போது வம்பு செய்கிற முக்கியமான அடையாளங்களை வெளியே காட்டுவதே இல்லை. அதற்குப் பதிலாக "என்னை விட்டுவிடு" என்று சொல்கிற வேறொரு அடையாளத்தைக் காட்டுகின்றன. இரண்டாவது, எதிர்ப்பை அடக்கி வைப்பதற்கென்றே தாயின் ரத்தத்தில் ஒரு வகை செல்கள் இருக்கின்றன. கர்ப்பத்தில் அவை கூடுதலாக வேலை செய்கின்றன. இந்த அடக்கும் செல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மூன்றாவது உங்களைப் பயமுறுத்திய என்.கே. செல். விரித்தால் "இயற்கையான கொலையாளி செல்" என்று வரும். பெயர்தான் இத்தனை வியாபாரத்துக்கும் காரணம். ரத்தத்தில் ஓடுகிற என்.கே. செல் வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும், உண்மை. கர்ப்பப்பையின் உட்சுவரில் இருக்கிற என்.கே. செல் வேறு ரகம். கரு தங்கிய முதல் மாதங்களில் அந்த இடத்தில் இருக்கும் எதிர்ப்புச் செல்களில் பத்துக்கு ஏழு இதுதான். அதன் வேலை கொல்வது அல்ல. தாயின் குறுகலான ரத்தக் குழாய்களை அகலமாக்க நஞ்சுக்கு உதவுவது. வயலுக்குத் தண்ணீர் போகச் சின்ன வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை சரியாக நடக்காவிட்டால்தான் பிற்பாடு ரத்த அழுத்தம் ஏறுவதும் குழந்தையின் எடை குறைவதும் வருகின்றன. அதாவது, நீங்கள் எதிரி என்று நினைக்கிற செல் உங்கள் குழந்தைக்குச் சோறு போடப் பாதை வெட்டுகிற செல்.

உங்களுக்குக் கையில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கையில் எடுத்த ரத்தத்தில் எண்ணினால் கர்ப்பப்பைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டில் இன்றைக்கு எத்தனை பேருக்குச் சமையல் என்று சொல்ல முடியுமா? போதாததற்கு, நல்ல ஆரோக்கியமான பெண்களிடமே இந்த எண்ணிக்கை 5 முதல் 20 சதவீதம் வரை மாறும். படி ஏறி வந்தால் மாறும், ஊசிக்குப் பயந்தால்கூட மாறும். உங்கள் 16 சாதாரண எண். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "அதிகம்" என்று அச்சடித்துக் கொடுத்ததுதான் கோளாறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் உங்களிடம் சொன்ன இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. முதலாவது, உடம்பு குழந்தையை வேற்றாள் என்று கண்டுபிடித்துத் தாக்குகிறது. இரண்டாவது, நீங்களும் கணவரும் சொந்தம், ஒரே மாதிரி இருப்பதால் உடம்பு குழந்தையை வேற்றாள் என்று கண்டுபிடிக்கவே இல்லை, அதனால் காப்பு எதிரணு வரவில்லை. இரண்டும் எப்படி ஒரே உடம்பில் நடக்கும்? நம் ஊரில் சொந்தத்தில் கட்டியவர்கள் அதிகம், அதைப் பற்றிய குற்ற உணர்ச்சியும் அதிகம். அந்த இடம் பார்த்துத்தான் தட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்தத் திருமணங்களை ஆராய்ந்து 1977-ல் வெளியான பெரிய ஆய்விலேயே கருச்சிதைவு பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை. சொந்தத்தில் கட்டினால் குழந்தைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும், அது வேறு பேச்சு. இந்த ஊசி அதற்கு மருந்தும் அல்ல.

இந்த வெள்ளணு ஊசியை யாரும் சோதித்துப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவில் முறையாகச் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து கரு கலைந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கணவரின் வெள்ளணு, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கர்ப்பம் நிலைத்தது. கணவரின் அணு போட்டவர்களில் 36 சதவீதம்தான். உதவவில்லை என்பதோடு கெடுதல் செய்யுமோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது என்று நிறுத்தியது. ஐரோப்பிய வழிகாட்டி நெறிகளும் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. இத்தனை வருடம் கழித்து அதே ஊசி நம் ஊரில் "லேட்டஸ்ட் இம்யூனோ தெரபி" என்ற பெயரில் விலைக்கு வருகிறது. ரத்தம் சம்பந்தப்பட்டது என்பதால் தொற்று அபாயமும் உண்டு. அந்தக் கொழுப்பு டிரிப்ஸ், வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்குக் கொடுக்கும் சோயா எண்ணெய்க் கரைசல். கரு தங்க வைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

இதையெல்லாம் உங்களிடம் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் சொல்வதை வைத்துச் சொல்கிறேன்: பெரும்பாலும் டாக்டர் அல்ல, "கவுன்சிலர்" என்று அட்டை மாட்டிக்கொண்டு ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர். அரை மணி நேரம் பொறுமையாகப் பேசுவார், படம் வரைந்து காட்டுவார், கடைசியில் தவணைத் திட்டத்தை எடுத்து வைப்பார். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. தனியாரிலும் கலைந்த பெண்ணிடம் "அடுத்த முறை பார்த்துக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஏன் கலைந்தது என்று உட்கார்ந்து பேச எங்களுக்கு நேரம் இல்லை. நேரம் இருப்பவர் விற்பனைக்காரர் மட்டும்தான். அப்புறம் ஜனங்கள் அவரிடம் போகாமல் எங்கே போவார்கள்? இதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு, எனக்கு அதில் ரொம்பக் கோபமும் உண்டு.

முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோமில் நேர்ந்த தப்பினால் கலைபவை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே நடந்துவிடுகிற எண்ணிக்கைப் பிழை. நீங்கள் வண்டியில் போனதாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ அல்ல. டி அண்ட் சி செய்யும்போது அந்தத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் உங்களுக்கே விடை கிடைத்திருக்கும். இரண்டு முறையும் குப்பைக்குப் போயிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரே வரி எழுதியிருப்பார்கள்.

சரி, எதிர்ப்புச் சக்தியால் கரு கலைவதே கிடையாதா? உண்டு. ஒரே ஒரு காரணம் நன்றாக நிரூபிக்கப்பட்டது, மருந்தும் உள்ளது. அதைத்தான் உங்களுக்கு யாரும் பார்க்கவில்லை. அதன் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதிலும் உடம்பு குழந்தையைத் தாக்குவதில்லை. தன்னுடைய சொந்தப் புரதம் ஒன்றுக்கு எதிராகவே எதிரணுவை உருவாக்கிவிடுகிறது. அது நஞ்சு வேர் பிடிப்பதைக் கெடுக்கும், ரத்தத்தையும் உறைய வைக்கும். தொடர்ந்து கரு கலைகிற பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம்.

இதற்கு மூன்று ரத்தப் பரிசோதனைகள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். மூன்றையும் எடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்து "நார்மல்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலாவதன் பெயரில் லூபஸ் என்று இருப்பதால் உங்களுக்கு லூபஸ் நோய் என்று அர்த்தம் இல்லை. விதிப் புத்தகத்தில் 10 வாரத்துக்குள் மூன்று முறை கலைந்திருக்க வேண்டும் என்று இருக்கும். நான் மூன்றாவதுக்குக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு போதும், இப்போதே எடுங்கள். கலைந்து ஆறு வாரம் தாண்டிவிட்டதால் எடுக்கலாம்.

எடுக்கிற இடமும் முக்கியம். லூபஸ் பரிசோதனைக்கு ரத்தத்தை எடுத்த சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்தாக வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு, பைக்கில் நாலு தெரு சுற்றி, சாயங்காலம் லேபில் சேர்க்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள். நேராக ஒரு பெரிய மருத்துவமனை லேபுக்கே போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் எடுக்கும் முன் சொல்லுங்கள், முடிவு குழம்பும். டெங்குவோ வேறு காய்ச்சலோ வந்து போன கையோடும் எடுக்காதீர்கள், கொஞ்ச நாளைக்கு இந்த எதிரணு சும்மாவே தலைகாட்டும்.

ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் நோய் என்று முடிவு கட்டவும் கூடாது. 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் வந்தால்தான் நோய். அளவும் பார்க்க வேண்டும். ஆன்டிகார்டியோலிப்பின் 12 வரை நார்மல், உங்களுக்கு 15 என்றால் அது கணக்கில் சேராது, 40-க்கு மேல் வேண்டும். இந்த 12 வாரத்தைக் காத்திருக்க விடாமல் அன்றைக்கே ஹெபாரின் ஊசி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் தினமும் குத்திக்கொள்கிற ஊசி, மாதக்கணக்கில் வாங்க வேண்டும், மருந்துக் கடையும் அங்கேயே இருக்கும்.

இரண்டு முறையும் பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் வழி இருக்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும். 1997-ல் லண்டனில் செய்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேரும், ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 71 சதவீதம் பேரும் குழந்தை பெற்றார்கள். நெகட்டிவ் என்றால் அந்த ஊசி உங்களுக்கு வேண்டாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று போடுவதால் பயன் இல்லை என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

இதோடு தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் வடிவத்துக்கு ஒரு நல்ல ஸ்கேன். அவ்வளவுதான். சில தொற்றுகளைத் தேடும் டார்ச் டெஸ்ட் எழுதினால் எடுக்காதீர்கள். எப்போதோ சின்ன வயதில் வந்துபோன தொற்றின் தடத்தை "பாசிட்டிவ்" என்று காட்டி, அதற்கு மாத்திரையும் கொடுத்துப் பல வருடமாகப் பெண்களை அலைய விடுகிறார்கள். திரும்பத் திரும்பக் கலைவதற்கு அது காரணம் அல்ல.

உங்கள் கடைசிக் கேள்வி. கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி மொத்தமாகக் குறைவதில்லை, இடம் மாற்றி அடுக்கப்படுகிறது. சில நோய்கள் மட்டும் கர்ப்பிணியிடம் கடுமையாகும்: ஃப்ளூ காய்ச்சல், அம்மை, அப்புறம் கெட்ட தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலை. கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் இ என்கிற அந்தக் காமாலை வந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் கொதிக்க வைத்த தண்ணீர் கட்டாயம். ரூபெல்லா தடுப்பூசி போட்டதில்லை என்றால் இப்போதே போட்டுவிட்டு ஒரு மாதம் தள்ளிக் கருத்தரியுங்கள், கர்ப்பத்தில் அதைப் போட முடியாது. ஃப்ளூ ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் டி.டி. ஊசியும் கர்ப்பத்தில் போடுபவை. உங்கள் எதிரணுக்கள் கடைசி மாதங்களில் நஞ்சு வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்த புதிதில் அதன் காவல் அதுதான். எதிர்ப்புச் சக்திப் பொடி, டானிக் எதுவும் வாங்க வேண்டாம்.

எந்தக் காரணமும் தெரியாமலே இரண்டு மூன்று முறை கலைந்த பெண்களில், உங்கள் வயதில், நாலு பேருக்கு மூன்று பேர் அடுத்த கர்ப்பத்தில் எந்த ஊசியும் இல்லாமல் குழந்தை பெறுகிறார்கள். அந்த 85,000-ஐக் கட்டியவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் பிறந்தவைதான். பெயர் மட்டும் ஊசிக்குப் போகிறது.

நாளைக்கே கணவரைக் கூட்டிக்கொண்டு அந்த மையத்துக்குப் போய் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. இரண்டு டி அண்ட் சி சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போனால் ஆறாவது வாரத்திலேயே அந்த ஃபைலோடு டாக்டரிடம் போங்கள்.