வீட்டிலேயே எழுதுவதற்கென்று தனியிடம் அமைத்துக்கொள்வது எப்படி? எழுதும் உற்சாகம் வர அது உதவுமா?

உங்கள் வீட்டில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படி ஓர் அறை வாய்த்துக் கைவிட்டுப் போனது. அந்த ஆற்றாமையில்தான் இந்தப் பதில்.

நாங்கள் மதுரை. 2022இல் மகன் வேலைக்குப் பெங்களூர் போனதும் அவன் அறையை எழுதும் அறையாக மாற்றினேன். சுவருக்கு இளம்பச்சை டிஸ்டெம்பர், ஜன்னலோரம் மேசை, கழுத்து வளைகிற விளக்கு, பாட்டிலில் மணி பிளாண்ட். பதினோராயிரம் ஆனது, என் சீட்டுப் பணம். யூடியூபில் சொன்னார்களே என்று ஊதுவத்தியும் கொளுத்தினேன். ஜன்னல் மேற்குப் பார்த்தது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு மேல் அந்த மேசையில் வடாம் காய வைக்கலாம்.

வெயிலைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் பேனாவோடு மேசைமுன் உட்கார்ந்திருப்பவள் எங்கள் வீட்டுக் கணக்கில் சும்மா இருப்பவள். "சும்மாதான இருக்க, பாலை இறக்கிடு." "சும்மாதான இருக்க, சிலிண்டர் வந்திருக்கு பாரு." ஆறு மாதத்தில் அங்கே அரிசி மூட்டை வந்தது, அயர்ன் பண்ண வேண்டிய துணி வந்தது, கடைசியில் அத்தையின் கட்டிலும் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், முழங்கால் வலியோடு ஹாலில் எத்தனை நாள் படுப்பார்?

உடனே "குடும்பத்தைக் கேவலப்படுத்துகிறாள்" என்று யாரும் கிளம்பி வராதீர்கள். என் வீட்டுக்காரர் தங்கமானவர். என்னைவிட நன்றாக ரசம் வைப்பார். எழுதுவதும் ஒரு வேலை என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒரு பேச்சு வந்தாலே வர்ஜீனியா வுல்ஃபைக் கொண்டுவந்துவிடுவார்கள். பெண் எழுத வேண்டுமானால் தனி அறை வேண்டும் என்று 1929இல் எழுதிய இங்கிலாந்து எழுத்தாளர். கூடவே ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் வேண்டும் என்றார். அறையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் அந்த 500 பவுண்டைச் சொல்வதே இல்லை. நம் துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மா, வீட்டில் எழுத விடாததால், ராத்திரியில் கழிப்பறைக்குள் ஒளிந்துதான் கவிதை எழுதினார். அங்கே என்ன, மணி பிளாண்டா இருந்தது?

எனக்கு இடம் கிடைத்தது தையல் மிஷினில். இருபது வருடமாகத் தெருவுக்கு ப்ளவுஸ் தைக்கிறேன். மிஷின் வீட்டுக்குள் நடைவழியில், சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது. மிஷினில் உட்கார்ந்துவிட்டால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை என்பது ஒரு நாள் திடீரென்று உறைத்தது. அது காசு வருகிற வேலை அல்லவா! அன்றிலிருந்து மடியில் ஒரு ப்ளவுஸ் துணி, மிஷின் பலகையில் அளவு நோட்டு. முன்பக்கத்திலிருந்து மார்பு 36, இடுப்பு 32, கை நீளம் 10. பின்பக்கத்திலிருந்து கதை. யாராவது வருகிற சத்தம் கேட்டால் பெடலை நாலு மிதி மிதிப்பேன். பெல்ட்டைக் கழற்றி வைத்திருப்பதால் ஊசி அசையாது, கடகட சத்தம் மட்டும் வரும். இப்படியே பதினான்கு கதைகள் எழுதியாயிற்று. திருட்டுத்தனம் என்பீர்கள். ஆமாம்தான்.

புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். அருமையான இடம். ஆனால் சுற்றிலும் பிள்ளைகள் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கும்போது, நான் கதாநாயகிக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருப்பது எனக்கே கூச்சமாகிவிட்டது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் கதையை ஒரு பத்திரிகை போட்டது. எந்தப் பத்திரிகை என்று சொல்லவில்லை, அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. என் பெயரை விட்டுவிட்டு, கவரில் அனுப்புநர் முகவரியில் இருந்த வீட்டுக்காரர் பெயரைப் போட்டு "திருமதி" சேர்த்திருந்தார்கள். சன்மானம் இன்றுவரை வரவில்லை. போன் செய்தால் "அக்கவுண்ட்ஸில் கேளுங்க" என்பார்கள். ப்ளவுஸுக்கு ஊக்கு ஒன்று குறைந்தால்கூடத் திரும்ப வந்து சண்டை போடுகிற ஊர் இது. கதைக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெயிண்டுக்கும் விளக்குக்கும் காசைக் கொட்டாதீர்கள். உங்கள் வீட்டில் எங்கே உட்கார்ந்தால் உங்களைக் கூப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் கவனியுங்கள். சிலருக்கு அது பூஜை அறை, சிலருக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழல். தனி அறையில் நிம்மதியாக எழுதுகிறவர்களும் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. உற்சாகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது பெரும்பாலும் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போதுதான் வருகிறது, என்ன செய்ய!

இதைத் தட்டும்போதும் மடியில் எதிர்வீட்டுப் பெண்ணின் லைனிங் ப்ளவுஸ் கிடக்கிறது. நாளைக் காலை முகூர்த்தமாம். ஊக்குப் பட்டி இன்னும் வைக்கவில்லை.