அலாரம், ரிங்டோன்: கேள்வி பதில்

கேள்வி: பிடித்த பாட்டு ஒன்றை அலாரமாக வைத்திருக்கிறேன். ராத்திரி போன் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனால், மறுநாள் காலை மட்டும் போனோடு வந்த பழைய டோன் அடிக்கிறது. செட்டிங்கில் பாட்டு அப்படியேதான் இருக்கிறது. ஏன் இப்படி?

பதில்: பாட்டு போனில்தான் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. ஆண்ட்ராய்டு 7-ல் வந்த ஏற்பாடு இது. ரீஸ்டார்ட் ஆன பிறகு நீங்கள் ஒருமுறை பின் நம்பரோ பேட்டர்னோ போடும்வரை உங்கள் ஃபைல்கள் திறக்காது. போனோடு வந்த கடிகார ஆப் அந்த நிலையிலும் வேலை செய்யும். நேரம் வந்ததும் பாட்டைத் தேடும், எடுக்க முடியாததால் சிஸ்டத்தில் இருக்கும் டோனை அடித்து உங்களை எழுப்பிவிடும். அதனால் இதைக் கோளாறாக நினைக்காதீர்கள்.

தனியாக இறக்கிய அலாரம் ஆப்பில்தான் ஆபத்து. இந்தப் பூட்டு நிலையிலும் ஓடும்படி எழுதப்படாத ஆப் அன்று காலை சத்தமே போடாது. சோதிப்பது எளிது: ஐந்து நிமிடம் தள்ளி அலாரம் வையுங்கள், போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள், திறக்காமல் அப்படியே மேசையில் வைத்துக் காத்திருங்கள். அடித்தால் நம்பலாம். அடிக்கவில்லை என்றால், ரயிலுக்கோ பரீட்சைக்கோ எழும் நாளில் அந்த ஆப்பை நம்பிப் படுக்காதீர்கள்.

கேள்வி: எம்பி3 ஃபைலை போனில் போட்டுவிட்டேன். டோன் பட்டியலில் வரவில்லை.

பதில்: ஃபைல் மேனேஜரில் இன்டர்னல் ஸ்டோரேஜைத் திறந்தால், முதல் மட்டத்திலேயே ரிங்டோன்ஸ், அலாரம்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று ஆங்கிலத்தில் மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். இல்லையென்றால் அதே பெயரில் உருவாக்கலாம். எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் ஆண்ட்ராய்டு அந்த ஃபைலை ரிங்டோன், அலாரம் என்று பிரிக்கிறது. சரியான ஃபோல்டரில் போட்டும் வரவில்லையா? மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'டாட் நோமீடியா' (.nomedia) என்ற ஃபைல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும் ஃபோல்டரை மீடியா பட்டியல் தொடவே தொடாது. மெமரி கார்டில் டோன் வைக்க வேண்டாம். கார்டைக் கழற்றினால் டோனும் போய்விடும்.

கேள்வி: குழந்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ரிங்டோன் ஆக்க முடியுமா?

பதில்: தாராளமாக. வாட்ஸ்அப்பின் வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டரில் மேலே சொன்ன நோமீடியா ஃபைல் உண்டு, அதனால்தான் அது பட்டியலில் தெரிவதில்லை. அதை ரிங்டோன்ஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். ஓபஸ் என்ற ஆடியோ வடிவத்தில் இருக்கும் அதை எம்பி3 ஆக மாற்றிக்கொண்டால் தொல்லை குறைவு. ஆரம்பத்தில் இருக்கும் ஓரிரு விநாடி மௌனத்தை வெட்டிவிடுங்கள். அழைப்பு வந்ததும் முதல் நொடியிலேயே குரல் கேட்க வேண்டும்.

கேள்வி: வால்யூம் முழுவதும் வைத்தும் பாட்டு மெலிதாகத்தான் கேட்கிறது. போனோடு வந்த டோன் மட்டும் காதைக் கிழிக்கிறது.

பதில்: முதலில் எந்த வால்யூமைக் கூட்டினீர்கள் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் மீடியாவுக்கும் அலாரத்துக்கும் தனித்தனி வால்யூம். பாட்டு ஓடும்போது பக்கவாட்டு பட்டனை அழுத்தினால் மீடியா மட்டும்தான் கூடும்.

அது சரியாக இருந்தால், குறை பாட்டின் அமைப்பில். போன் ஸ்பீக்கர் மிகச் சிறியது, தாழ்ந்த பேஸ் ஒலியை அதனால் எழுப்ப முடியாது. ஆனால் ஃபைலின் அலை உயரத்தில் பெரும்பங்கை அந்த பேஸும் டிரம் அடியும் பிடித்துக்கொண்டிருக்கும். கேட்காத ஒலி இடத்தை அடைத்துக்கொள்கிறது, கேட்க வேண்டிய குரல் கீழே கிடக்கிறது. கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டித் திருத்த உதவும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் இந்த வரிசையில் செய்யுங்கள்: பல்லவி வரும் 25-30 விநாடியை மட்டும் வெட்டுங்கள், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் பேஸைக் குறைக்க ஹை பாஸ் ஃபில்டர் போடுங்கள், பிறகு சத்தமான இடத்துக்கும் மெலிதான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர், கடைசியாக உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கும்படி மொத்தத்தையும் உயர்த்தும் நார்மலைஸ். நார்மலைஸை முதலில் செய்தால் பயன் இல்லை, ஒரே ஒரு டிரம் அடி உச்சத்தில் இருந்தாலும் மொத்தமும் அங்கேயே நின்றுவிடும். 192 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஆகச் சேமித்தாலும் 30 விநாடி ஃபைல் வெறும் 720 கேபிதான்.

கேள்வி: வயதான அப்பாவுக்கு அலாரம் கேட்பதே இல்லை. சத்தத்தை இன்னும் கூட்டவா?

பதில்: சத்தத்தைவிட சுருதியை மாற்றுங்கள். வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலியைக் கேட்கும் திறன். தூங்குகிறவர்களை எழுப்புவதில் 3100 ஹெர்ட்ஸ் பீப்பைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை (ஸ்கொயர் வேவ்) ஒலி மேல் என்று தீ எச்சரிக்கைக் கருவிகளுக்கான ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆடாசிட்டியின் ஜெனரேட் மெனுவில் 'டோன்' எடுத்து, ஸ்கொயர், 520 என்று கொடுங்கள். அரை விநாடி ஒலி, அரை விநாடி மௌனம் என்று 20 விநாடிக்கு அடுக்குங்கள். கேட்க இனிமையாக இருக்காது. வைப்ரேஷனையும் சேர்த்துப் போட்டு, போனை மெத்தைமேல் வைக்காமல் மரப்பலகைமேல் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐபோனில் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியுமா?

பதில்: ஐஓஎஸ் 26 இருந்தால், ஃபைல்ஸ் ஆப்பில் 30 விநாடிக்குள் இருக்கும் ஆடியோவை ஷேர் செய்யும்போது ரிங்டோனாகப் பயன்படுத்தும் வசதி அங்கேயே வரும். பழைய பதிப்பில் ஆப்பிளின் இசை ஆப்பான கராஜ்பேண்டில் போட்டு ரிங்டோனாக ஷேர் செய்ய வேண்டும். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கிய பாட்டு காப்பி தடுக்கும் பூட்டோடு வருவதால் கராஜ்பேண்டில் எடுக்காது.

கேள்வி: ஐபோன் அலாரம் சத்தமாக ஆரம்பித்து, கையில் எடுத்ததும் அடங்கிவிடுகிறது.

பதில்: நீங்கள் பார்ப்பதை ஃபேஸ் ஐடி கேமரா கண்டதும் சத்தத்தைக் குறைக்கிறது. ஃபேஸ் ஐடி செட்டிங்கில் 'அட்டென்ஷன் அவேர்' என்பதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் ஒருவருக்கு மட்டும் தனி ரிங்டோன் வைக்கும் வசதியே காட்டவில்லை.

பதில்: அந்த நம்பர் சிம்மில் சேமிக்கப்பட்டிருக்கும். போனுக்கோ கூகுள் கணக்குக்கோ மாற்றிவிட்டு, பெயரைத் திறந்து மூன்று புள்ளியைத் தொடுங்கள், வந்துவிடும்.