மூன்றாம் வகுப்பு வரை ஆங்கில வழி: பி.எஸ்.டி.எம். (தமிழ் வழியில் படித்தவர்) சான்று வாங்கலாமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளி. அப்பா இறந்ததும் நாலாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பட்டம் வரை தமிழ் வழி. குரூப் 2 விண்ணப்பத்தில் தமிழ் வழிக்கான முன்னுரிமை கோரினேன். இப்போது சான்று பதிவேற்றச் சொல்கிறார்கள். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் 'ஒன்று முதல் ஐந்து வரை' என்று எழுதித் தரத் தயார். என்னைவிடத் தமிழ் தெரியாதவர்களுக்கு வேலை போகிறதே?

பதில்: அந்தச் சான்றை வாங்காதீர்கள்.

குடும்பச் சூழலையோ தமிழ்ப் புலமையையோ தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை. அந்த மூன்று வகுப்புகளில் பயிற்றுமொழி எது என்பது மட்டுமே கேள்வி. 2020 திருத்தத்துக்குப் பின் பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் அந்த முன்னுரிமைக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில் இடமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று வேண்டும். 2021 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, நடந்துகொண்டிருந்த குரூப் 1 தேர்வுக்கே அந்தத் திருத்தத்தைப் பொருத்தச் சொன்னது. அந்த விதியை எதிர்த்து ரிட் மனு போட்டுச் செலவழிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் பாருங்கள். மெட்ரிக் என்ற பெயரே ஆங்கில வழிக்கு ஆதாரமாகாது. தமிழ் வழிப் பிரிவு இருந்ததா, மாற்றுச் சான்றிதழில் பயிற்றுமொழி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பள்ளி மூடியிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள். தமிழ் என்றிருந்தால் உங்கள் பிரச்சினை முடிந்தது.

ஆங்கிலம் என்றிருந்தால்தான் ஆபத்து. முன்னுரிமை கிடைக்காது, பொதுப் போட்டியில் இருப்போம் என்று பலரும் நினைக்கிறார்கள். அறிவிக்கையைப் படியுங்கள்: படிப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் தமிழ் வழிச் சான்று வைத்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும். பொய்ச் சான்று இதைவிட மோசம். நாலாம் வகுப்பில் சேர்ந்த தேதி அதே பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. தரவரிசையில் உங்களுக்கு அடுத்து நிற்பவர் ஆர்.டி.ஐ. போட்டால் போதும். வேலையில் சேர்ந்த பிறகும் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு வரும். அப்போது பணிநீக்கம், அதோடு மோசடி, போலி ஆவணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 318, 336, 340 பிரிவுகளில் வழக்கு. இன்று இரக்கப்படும் தலைமையாசிரியர், விசாரணையில் 'பெற்றோர் சொன்னதை எழுதினேன்' என்றுதான் சொல்வார்.

விண்ணப்பத்தைத் திருத்தும் சாளரம் மூடியிருந்தாலும், பதிவேற்றக் கெடுவுக்குள் தமிழ் வழி முன்னுரிமைக் கோரிக்கையைக் கைவிடுவதாகத் தேர்வாணையச் செயலாளருக்கு எழுதுங்கள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். ஏற்பார்கள் என்ற உத்தரவாதமில்லை. ஆனால் நிராகரித்தால் நீதிமன்றத்தில் காட்ட உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல தாள் அதுதான்.